வாத்தியாரின் காலும் என் குதிகாலும்

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கப்போகிறார்கள் என்று முந்தைய நாள் சாயங்காலம்தான் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சர்க்கரை. பெருவிரலில் சின்னக் காயமாகத் தொடங்கியது, பாதம் முழுவதும் கறுத்துவிட்டது. ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். நான் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் சின்ன வேதாகமமுமாக அவர் கட்டிலருகே போய் நின்றேன். பத்து நிமிடம் பேசியிருப்பேன். வெளியே வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து, நடந்த பேச்சை நினைவிலிருந்து வரிவரியாக எழுதினேன். மருத்துவமனை ஆயர் பணிப் பயிற்சியில் வாரந்தோறும் செய்தாக வேண்டிய வேலை அது. 'வெர்பேட்டிம்' என்பார்கள். நோயாளி சொன்னது 'நோ', ஆயர் சொன்னது 'ஆ'. ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும்.

அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நடுப்பகுதி இது:

நோ 6: இரவெல்லாம் தூக்கம் இல்லை ஐயா.
ஆ 6: வலியா, வாத்தியாரையா?
நோ 7: வலி எங்கே? அதுதான் மரத்துப்போய்விட்டதே. வெட்டிய காலை என்ன செய்வார்கள் என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.
ஆ 7: கர்த்தர் எல்லாவற்றையும் நன்மைக்கு ஏதுவாகவே நடத்துவார். ஜெபம் பண்ணலாமா?
நோ 8: பண்ணுங்கள்.

(வாத்தியார் இப்போது இல்லை. அவரையும், இதில் வருகிற மற்றவர்களையும் யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அப்போது நான் ஆயர் அபிஷேகம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தென்மாவட்டத்தில் பனங்காட்டு ஊர் ஒன்றில் சேகரம், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் ஏழு சபைகள். எங்கள் பக்கத்தில் போதகரை 'ஐயர்' என்பார்கள், அவர் மனைவி 'ஐயரம்மா', குடியிருக்கும் வீடு குருமனை. வெளியூர்க்காரர்கள் கேட்டுக் குழம்புவார்கள், இருக்கட்டும். வாரத்துக்கு நான்கு ஆராதனை, மாதத்துக்கு ஐந்தாறு அடக்கம், அசனம் என்கிற சபை விருந்தின் கணக்கு, கல்லறைத் தோட்டத் தகராறு, பிரிந்து வாழும் மருமகளை அழைத்து வருவது என்று ஓடிக்கொண்டிருந்தவன், பத்து வாரப் பயிற்சி என்றதும் ஓய்வு கிடைக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

நாங்கள் ஆறு பேர். ஒருவர் எழுதியதை எல்லோரும் வைத்துப் பார்ப்போம். நடத்துகிறவர் அன்று ஒரு காரியம் செய்தார். ஆயரின் வரிகளை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, நோயாளியின் வரிகளை என்னை வாசிக்கச் சொன்னார். 'வெட்டிய காலை என்ன செய்வார்கள்' என்று நான் வாசித்து முடிப்பதற்குள் எதிரில் இருந்த இளைஞன் என் சொந்த வார்த்தைகளை என் முகத்துக்கு நேரே வாசித்தான். கதவை அறைந்து சாத்தியது போல் இருந்தது.

நடத்துகிறவர் அதைத் தவறு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "நோ 7 முடிந்து ஆ 7 தொடங்க எத்தனை விநாடி ஆனது?" என்று மட்டும் கேட்டார்.

"உடனே சொல்லிவிட்டேன், ஐயா."

"அந்த ஜெபம் யாருக்குத் தேவைப்பட்டது?"

எனக்குக் கோபம் வந்தது. ஜெபத்தைக் குறை சொல்கிறாரே என்று பத்து நிமிடம் வாதாடினேன். அவர் மறுக்கவில்லை. "நாளை எத்தனை மணிக்கு ஆபரேஷன்?" என்றார். பதினொன்றுக்கு என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனேன். "நேற்று உங்கள் காலைப் பற்றி ஒன்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல் ஜெபத்துக்குப் போய்விட்டேன்," என்றேன். வாத்தியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகுதான் பேசினார். மனைவியை ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார். பக்கத்திலேயே தனக்கும் இடம் விட்டுச் செங்கல் வைத்துக் கட்டியிருக்கிறார். முழுசாகப் போய்ப் படுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். "நாற்பது வருஷம் ஞாயிறு பள்ளியில் 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஐயா நான். ஒற்றைக் காலோடு எழுந்திருப்பேனா என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்."

நான் சிரிக்கவில்லை. வார்டு சிஸ்டரிடம் போய் விசாரித்தேன். வெட்டியெடுக்கும் உறுப்புகளை மஞ்சள் பையில் கட்டி, எரிப்பதற்கு அனுப்புவது விதி என்றார். திரும்பி வந்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். வாத்தியார் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தார். "சாம்பலுக்குச் சாம்பல். அப்படியானால் அடக்க ஆராதனையில் பாதியை இன்றைக்கே முடித்துவிடுகிறார்கள்," என்று சொல்லிவிட்டு, உடம்பு குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர்தான் ஜெபம் பண்ணச் சொன்னார்.

இதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் தனியாகச் சந்திக்கும் நேரத்தில் நடத்துகிறவர் அதே தாளை மறுபடி எடுத்தார். "வேறு நோயாளிகளிடம் நீங்கள் இவ்வளவு அவசரப்படவில்லை. இவரிடம் மட்டும் ஏன்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை இல்லை. என் இடது குதிகாலில் மூன்று வாரமாக ஒரு கொப்புளம் உடைந்து ஆறாமல் இருந்தது. எனக்கும் சர்க்கரை. மனைவிக்குத் தெரியாமல் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்துக்கொண்டிருந்தேன். கட்டிலில் கிடந்த அந்தக் கறுத்த பாதத்தை ஒரு முறைக்குமேல் நான் பார்க்கவே இல்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது.

கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "புண்ணை டாக்டரிடம் காட்டுங்கள், இன்றைக்கே. பயத்தைப் பற்றி நீளமாகப் பேச வேண்டும் என்றால் ஆலோசகர் ஒருவரிடம் அனுப்புகிறேன். இங்கே எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்தப் புண் வாத்தியாரின் கட்டிலருகே வந்து என்ன செய்தது?"

இந்தப் பிரிப்பை அன்று கற்றுக்கொண்டேன். ஆலோசனை என்றால் நான் பேசுபொருள். பாவ அறிக்கை என்றால் என் பாவம். ஆன்ம வழிகாட்டி என்றால் என் ஜெப வாழ்க்கை. இங்கேயோ பேசுபொருள் நான் செய்யும் வேலை. வேலைக்குள் நான் எந்த அளவு நுழைந்து நிற்கிறேனோ அந்த அளவுக்குத்தான் நானும் பேச்சில் வருவேன்.

இந்த மருத்துவமனைப் பயிற்சியைத் தொடங்கியவரின் கதை சுவையானது. ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் 1920-இல் மனநிலை பிறழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குணமாகி வந்தவர், 1924-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது மருத்துவமனைப் போதகராக, அமர்ந்தார். அடுத்த ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே வரவழைத்து, நோயாளிகளோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுத்தார். புத்தகங்களை வாசிக்கிற கவனத்தோடு மனிதரையும் வாசிக்க வேண்டும் என்பதால் 'உயிருள்ள மனித ஆவணங்கள்' என்று நோயாளிகளைச் சொன்னார். கட்டிலில் கிடந்தவனுக்குத்தான் கட்டிலருகே நிற்கிறவனின் அபத்தம் தெரிந்திருக்கிறது. நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தப் பயிற்சிக்குப் பெயர் பெற்ற இடம்.

பத்து வாரம் முடிந்து ஊருக்குத் திரும்பிய பிறகுதான் சிக்கல். பயிற்சி இருக்கிறது, கேட்க ஆள் இல்லை.

முதலில் சொல்தான் இடறியது. செய்த வேலையை இன்னொருவரோடு உட்கார்ந்து இப்படித் திரும்பிப் பார்ப்பதை ஆங்கிலத்தில் 'சூப்பர்விஷன்' என்பார்கள். அதை நாம் 'மேற்பார்வை' என்கிறோம். மேற்பார்வை என்றால் நம்மூரில் பரீட்சை ஹாலில் நடந்துகொண்டிருக்கிறவர். கட்டட வேலையில் சாரத்துக்குக் கீழே நின்று கத்துகிறவர். சக ஆயர் ஒருவரிடம் "எனக்கு ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்" என்றபோது, "ஏன், இருக்கிற பேராயர் போதாதா?" என்றார். இதற்கு 'உடன்பார்வை' என்று நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். இலக்கணம் தெரிந்தவர்கள் மன்னிக்கட்டும்.

உண்மையில் அதற்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளும் எனக்கு ஒருவர் இருந்தார். என் மனைவி. இரவு சாப்பிட்டு முடித்ததும் அன்று கேட்ட எல்லாவற்றையும் அவளிடம் கொட்டுவேன். யார் வீட்டில் நகை அடகில் இருக்கிறது, யார் மகன் எங்கே யாரோடு இருக்கிறான், எந்த மூப்பர் குடிக்கிறார் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். மறுநாள் பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் அதே பெண்களோடு உட்கார்ந்து பாமாலை பாட வேண்டும். பயிற்சி முடிந்து வந்த முதல் வாரத்தில் இதைப் பற்றிப் பேசினோம். வருத்தத்தோடு சொல்லவில்லை, கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "நீங்கள் சொல்லி முடித்துவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கிவிடுகிறீர்கள். நான் அதற்குப் பிறகுதான் முழித்துக்கொண்டிருப்பேன். எனக்குத் தெரியாமல் இருந்தால் அவர்கள் முகத்தைப் பார்த்து என்னால் சிரிக்க முடியும்."

ஊழியத்திலும் செவிலியர் வேலையிலும் சமூகப் பணியிலும் இருக்கிறவர்களின் கணவனோ மனைவியோ சம்பளமும் பயிற்சியும் இல்லாமல் இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்டு அமர்த்தவில்லை. அவள் சொன்ன அன்றோடு சபைக்காரர்களின் இரகசியத்தை வீட்டில் பேசுவதை நிறுத்தினேன். முதல் இரண்டு மாதம் சாப்பாட்டு மேசையில் பேச எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதைக் கண்டுபிடித்தோம். அது தனிக் கதை.

அடுத்து ஒரு முயற்சி செய்து தோற்றேன். ஐந்து ஆயர்கள் மாதத்தின் முதல் திங்கட்கிழமை கூடுவது, ஒருவர் ஒரு சம்பவத்தைச் சொல்வது, மற்றவர்கள் கேட்பது. மைக்கேல் பாலின்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் லண்டனில் குடும்ப மருத்துவர்களை இப்படித்தான் சின்னக் குழுவாக உட்காரவைத்து நோயாளிகளைப் பற்றிப் பேசச் செய்தார். இன்றும் பல நாடுகளில் மருத்துவர்கள் பாலின்ட் குழுக்களாகக் கூடுகிறார்கள். நாமும் செய்யலாம் என்று கிளம்பினோம். டீ, வடை, ஆரம்ப ஜெபம். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. மூன்றாம் மாதம் எங்களில் ஒருவர் தன் சபைச் செயலாளர் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லி அழுதார். பத்தே நாளில் அந்தப் பேச்சு அவர் ஊர் டீக்கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அடுத்த மே மாத மாறுதலில் அவரைத் தூக்கி அடித்தார்கள். சொன்னது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. மீதி நான்கு பேரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டோம், நான் உட்பட.

குழு என்பது தவறு அல்ல. நாங்கள் மூன்று தவறு செய்தோம். நடத்துவதற்குப் பயிற்சி பெற்றவர் யாரும் இல்லை. இரகசியம் காப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூட முன்னதாகப் பேசவில்லை. ஆயர்கள்தானே, தனியாகச் சொல்ல வேண்டுமா என்று விட்டுவிட்டோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து பேரும் ஒரே மாறுதல் பட்டியலில் இருப்பவர்கள். ஒருவருக்கு வேண்டிய சேகரத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்கிறார். திருச்சபைத் தேர்தல் வந்தால் இரண்டு அணி. அந்த வட்டத்துக்குள் மனம்விட்டுப் பேசு என்பது, பந்தயத்தில் ஓடிக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கொடு என்பது போல.

அதன் பிறகு ஒரு வருடம் தேடினேன். பாளையங்கோட்டையில் ஓய்வில் இருக்கும் ஒரு கத்தோலிக்கச் சகோதரியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். பல ஆண்டுகள் மருத்துவமனையில் வேலை பார்த்து, ஆலோசனைக்கும் இந்த உடன்பார்வைக்கும் முறையாகப் படித்தவர். என் சபையைச் சேர்ந்தவர் அல்ல, என் மாறுதலில் கையெழுத்துப் போடுகிறவரும் அல்ல. எங்கள் கமிட்டியில் யார் எந்த அணி என்பது அவருக்குத் தெரியவும் தெரியாது, கேட்கவும் மாட்டார். பெண் என்பதும் கத்தோலிக்கர் என்பதும் எங்கள் ஆட்கள் சிலருக்கு உறுத்தியது. எனக்கு அதுவே வசதியாக இருந்தது. ஒன்றும் தெரியாதவருக்கு விளக்கிச் சொல்லும்போதுதான், நாம் இத்தனை நாள் விளக்கமே இல்லாமல் எதையெல்லாம் செய்துகொண்டிருந்தோம் என்பது தெரிகிறது.

முதல் சந்திப்புக்கு ஒரு கிலோ முதலூர் மஸ்கோத்து அல்வாவோடு போனேன். வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பாஸ்டர், இன்றைக்கு மட்டும் இதை வாங்கிக்கொள்கிறேன். அடுத்த மாதம் முதல் அல்வா வேண்டாம். ஐந்நூறு ரூபாய் கட்டணம்," என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவரே விளக்கினார். "நீங்கள் பலகாரம் கொண்டுவந்தால் நான் உங்களுக்கு நல்லவளாக இருக்க வேண்டியிருக்கும். காசு கொடுத்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம். பிடிக்கவில்லை என்றால் நின்றுகொள்ளலாம்." சேகரக் கமிட்டி இந்தச் செலவை ஏற்காது என்பது தெரியும். வண்டிப் பெட்ரோல், போன் எல்லாவற்றுக்கும் படி உண்டு, இதற்கு இல்லை. கைக்காசுதான்.

பிறகு ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னார். மாதம் ஒரு செவ்வாய், தொண்ணூறு நிமிடம். வர முடியாவிட்டால் இரண்டு நாள் முன்னால் சொல்ல வேண்டும். பேசும்போது யார் பெயரையும் சொல்லக் கூடாது. அவர் எடுக்கும் குறிப்பிலும் பெயர் இருக்காது. ஆறு மாதம் கழித்து இருவருமாக உட்கார்ந்து இது உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். இரகசியத்தை அவர் எப்போது மீறுவார் என்பதும் அதில் இருந்தது: யாருடைய உயிருக்காவது ஆபத்து என்றால், குழந்தைக்குத் தீங்கு நடந்திருக்கிறது என்றால், நானே யாருக்காவது தீங்கு செய்துகொண்டிருக்கிறேன் என்றால். அப்போதும் முதலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான். கையெழுத்துப் போடும்போது, நம்மை நம்பவில்லையோ என்று கசந்தது. பத்து நாளில் டீக்கடைக்குப் போன பேச்சு நினைவுக்கு வந்ததும் அழுத்திப் போட்டேன்.

பிரிட்டனைச் சேர்ந்த பிரிஜிட் ப்ராக்டர் என்பவர் 1980-களில் இந்தப் பணிக்கு மூன்று பயன்களைப் பிரித்துச் சொன்னார். சிஸ்டர் அதைத் தன் பாணியில் சொல்வார்: "வேலையைக் கற்றுக்கொள்ள, வேலை கெடாமல் பார்த்துக்கொள்ள, வேலை செய்கிறவர் கெடாமல் பார்த்துக்கொள்ள." மூன்றாவதை மட்டும் எதிர்பார்த்துத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள் என்பார். நானும் அப்படித்தான். ஆறுதல் கிடைக்கும் என்று போனவன்.

இரண்டாவதைப் புரிந்துகொண்டது இப்படி. எங்கள் சபையில் ஒரு பெண்மணி. விபத்தில் கணவரை இழந்தவர். தினமும் இரவு பத்தரைக்குப் போன் செய்வார். முதலில் ஜெபத்துக்கு, பிறகு அழுகைக்கு, பிறகு மைத்துனர் மேல் புகாருக்கு. நான் எடுக்காமல் இருந்ததில்லை. எடுக்காவிட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். எடுத்தால் பதினொன்றரை வரை போகும். ஒரு மாதம் இப்படி. அந்த மாதத்தில் நான் சிஸ்டருக்கு, முறை அல்லாத நேரத்தில், மூன்று இரவு போன் செய்தேன். மூன்றாம் முறை அவர் பொறுமையாகக் கேட்டார்: "செவ்வாய்க்கிழமை சந்திக்கிறோம். அதுவரை தாங்குமா, தாங்காதா?" யோசித்துவிட்டு, தாங்கும் என்றேன். "அப்படியானால் செவ்வாய்க்கிழமை."

எனக்கு அவமானமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை போனதும் அவர் அதையே எடுத்தார். "அந்த அம்மா உங்களுக்குச் செய்வதை நீங்கள் எனக்குச் செய்தீர்கள். தெரிந்து செய்யவில்லை. நான் போனை வைத்ததும் உங்களுக்கு என்ன ஆயிற்று?" கோபம் வந்தது, பிறகு தூங்கிவிட்டேன் என்றேன். "செத்துப் போகவில்லை, இல்லையா?" என்றார். ஓர் அறையில் நடப்பது இன்னோர் அறையில் அப்படியே திரும்ப நடக்கும் இந்த விசித்திரத்தை ஹெரால்ட் சர்ல்ஸ் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் 1955-இலேயே எழுதியிருக்கிறார் என்று அன்று தெரிந்துகொண்டேன். எனக்கென்னவோ எங்கள் ஊர்க் கோவில் ஒலிபெருக்கிதான் ஞாபகம் வந்தது. மைக்கை அதற்கு முன்னால் கொண்டுபோனால் கூவும்.

அந்த அம்மாவிடம் வாரம் இரண்டு நாள், மாலை ஐந்து மணிக்கு, பெண்கள் சங்கத்து அக்கா ஒருவரோடு வீட்டுக்கே வருகிறேன் என்றேன். இரவு ஒன்பதுக்கு மேல் போன் வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் எந்த நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லி, 2022 முதல் மத்திய அரசு நடத்திவரும் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கோவிலுக்கு வராமல் முறைத்துக்கொண்டார். பிறகு வந்தார். 'ஐயருக்குப் பழைய அன்பு இல்லை' என்று இன்றும் ஊரில் சொல்கிறார். அதை நான் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அதற்கு மருந்து சிஸ்டரிடமும் இல்லை.

இன்னொரு நாள். ஞாயிறு பள்ளிக்கு வரும் பிள்ளை ஒன்று தன் ஆசிரியையிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தது. ஆசிரியை நடுங்கிக்கொண்டே என்னிடம் வந்தார். அன்று தற்செயலாக எனக்குப் பாளையங்கோட்டை போகும் நாள். பஸ்ஸில் உட்கார்ந்து மனத்துக்குள் திட்டம் போட்டேன்: இரண்டு குடும்பத்தையும் குருமனைக்கு வரவழைப்பது, வெளியே தெரியாமல் பேசி முடிப்பது, பிள்ளைக்காக ஜெபிப்பது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஐந்து நிமிடம் சொல்லியிருப்பேன், சிஸ்டர் நோட்டை மூடிவிட்டார். "இது நாம் பேசி முடிவு செய்கிற விஷயம் அல்ல, பாஸ்டர். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பத்தொன்பதாம் பிரிவு. தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. அதைவிட, நீங்கள் அந்த வீட்டாரைக் கூப்பிட்டுப் பேசிய இரவில் அந்தப் பிள்ளை எங்கே தூங்கும்?"

அங்கேயே, அவர் மேசையில் இருந்தே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசினேன். அன்று சாயங்காலமே காவல்துறையிலும் தகவல் கொடுத்தேன். என் கை நடுங்கியது. அவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைய தொண்ணூறு நிமிடமும் அதற்கே போனது. பிள்ளையைப் பற்றி இதற்குமேல் எழுதமாட்டேன். 'சபைப் பெயரைக் கெடுத்துவிட்டார்' என்று கமிட்டியில் சிலர் மூன்று கூட்டம் என்னை நிற்கவைத்துக் கேட்டார்கள். வெளியாள் ஒருவர் முன்னால் உட்கார்ந்திராவிட்டால், அந்தச் சிலரின் குரல்தான் பஸ்ஸிலேயே என் மண்டைக்குள் பேசிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்.

ஆஸ்திரேலியாவில் இதை ஒரு நாடே கடினமாகக் கற்றது. நிறுவனங்களில் குழந்தைகள் மேல் நடந்த பாலியல் கொடுமைகளை 2013 முதல் 2017 வரை விசாரித்த அரச ஆணையம், சமய ஊழியத்தில் இருக்கும் எல்லோருக்கும், தலைவர்கள் உட்பட, பயிற்சி பெற்ற ஒருவரின் உடன்பார்வை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஒருவர், ஊழியர் வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து ஓரளவாவது விலகி நிற்பவராக இருக்க வேண்டும் என்பதும் அந்தப் பரிந்துரையில் இருக்கிறது. மாறுதல் பட்டியலை வைத்து நான் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததை அவர்கள் பெரிய விலை கொடுத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நம்மிடம் அப்படி எழுதப்பட்ட கட்டாயம் எதையும் நான் சந்திக்கவில்லை. போகிறவர் தானாகப் போக வேண்டியிருக்கிறது.

போகிறவர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமை இரவு அரை மணி நேரம் ஒதுக்கி, கடந்த மாதத்தில் நடந்த ஒரே ஒரு பேச்சை மட்டும் வரிவரியாக எழுதுகிறேன். பெயர் இல்லாமல், எண் போட்டு. எதை எடுத்துப்போகலாம் என்று யோசிக்கும்போது மனம் ஒரு சம்பவத்தை மட்டும் 'அது வேண்டாம், அதில் ஒன்றுமில்லை' என்று தள்ளும். பெரும்பாலும் அதைத்தான் எழுதுகிறேன். நான் நன்றாகச் செய்த ஒன்றை அலங்கரித்துக் கொண்டுபோன மாதங்களும் உண்டு. சிஸ்டர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நல்லது. மீதி எண்பது நிமிடம் இருக்கிறது," என்பார். சிஸ்டரிடம் போய் வந்த அன்று சாயங்காலம் வீட்டுச் சந்திப்பு எதுவும் வைத்துக்கொள்வதில்லை. ஒரு முறை வைத்துக்கொண்டு, நோயில் கிடந்த பாட்டியிடம் சிஸ்டரைப் போலவே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டேன். பாட்டி, "ஐயரே, வேதத்தில் சங்கீதம் வாசிக்க வந்தீரா, சாட்சி விசாரிக்க வந்தீரா?" என்றார்.

குதிகால் ஆற நான்கு மாதம் ஆனது. மனைவியிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டது சாக்ஸைப் பற்றித்தான்.

சென்ற மாதம் ஓர் இளம் ஆயர் போன் செய்தார். அபிஷேகம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு இளைஞர்களின் அடக்கம்; அதற்குப் பிறகு பிரசங்க மேடையில் குரல் எழும்பவில்லை என்றார். "ஐயா, நான் உங்களிடம் மாதம் ஒரு முறை வரட்டுமா?" சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஆனால் இந்த ஆண்டு மாறுதல் கமிட்டியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். "அதனால் என்ன ஐயா, உங்களைத் தெரியாதா எனக்கு?" என்றார். என்னையும் அதே டீக்கடைக்காரர்களுக்குத் தெரியும் தம்பி என்று சொல்லிவிட்டு, ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில் இதற்கென்று பயிற்சி பெற்று வேலை பார்க்கும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தேன். அவருக்கு ஏமாற்றம்தான், குரலிலேயே தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அங்கே போக எந்த பஸ் என்று கேட்டார். பஸ்ஸைச் சொன்னேன். போகும்போது ஜன்னல் ஓரம் பார்த்து உட்காருங்கள், எழுதிக்கொண்டே போகலாம் என்றேன். திரும்பி வரும்போது எழுத வராது, கூட்டமும் அதிகமாக இருக்கும், சும்மா நின்றுகொண்டு வாருங்கள் என்றேன்.